அப்பாவுக்கு வந்த சிஸ்டர்

எம்.எஸ்ஸி. நர்சிங் படிக்க மெட்ராஸுக்குப் போனபோது எனக்கு முப்பத்தைந்து தாண்டியிருந்தது. எண்பதுகளின் நடுவில் அது. தர்மபுரியில் ஆண்கள் வார்டில் நின்று நின்று கால் நரம்பெல்லாம் சுருண்டு புடைத்துப் போன பிறகுதான் ஸ்டடி லீவு கையில் கிடைத்தது. படிக்கலாம் என்ற ஆசை இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கொஞ்ச நாள் உட்கார்ந்திருக்கலாம் என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

வகுப்பில் என்னோடு படித்தவர்கள் எல்லாம் என்னைவிடச் சின்னவர்கள். ஆராய்ச்சிக்கு ஒருத்தி இருதயம் எடுத்தாள், ஒருத்தி குறைமாதக் குழந்தைகளை எடுத்தாள். நான் வயதானவர்களை எடுத்தேன். எங்கள் வார்டில் கை கால் விழுந்த கிழவர்களைக் கொஞ்ச நாளில் வராந்தாவுக்குத் தள்ளுவோம்; அப்புறம் "வயசாயிடுச்சு, வூட்டுல வச்சுப் பாத்துக்குங்க" என்று அனுப்பிவிடுவோம். மாட்டு வண்டியிலும் பஸ் மேலும் ஏற்றிக்கொண்டு போவார்கள். வீட்டில் வைத்து எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

எனக்கு வழிகாட்டியாக இருந்த மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இதுல என்னம்மா ஸ்பெஷாலிட்டி இருக்கு? துடைக்கணும், திருப்பிப் போடணும், ஊட்டணும். அவ்வளவுதானே?"

"அதைத்தான் யாரும் செய்யறதில்லை மேடம்" என்றேன்.

அவரும் களைத்துப்போனவர்தான். என்னோடு மல்லுக்கட்டத் தெம்பில்லாமல் சரி என்று கையெழுத்துப் போட்டார்.

லைப்ரரியில் வயதானவர்கள் பராமரிப்பு பற்றி இருந்ததெல்லாம் இங்கிலாந்திலிருந்து வந்த புத்தகங்கள். படத்தில் சக்கரம் வைத்த கட்டில் இருக்கும். ஜன்னலோரம் தலை வாரிய பாட்டி ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்து பூ பார்த்துக்கொண்டிருப்பாள். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மூடு, அவரை எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என்று கேள், பிறகு தொடு என்று எழுதியிருக்கும். நல்ல விஷயம்தான். எங்கள் பக்கத்தில் கோரைப்பாயைச் சுற்றி எந்தத் திரையை இழுப்பது என்றுதான் தெரியவில்லை.

வீட்டோடு படுத்த படுக்கையாக இருக்கிற முதியவர்களை ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பதென்று முடிவாயிற்று. தர்மபுரி மாவட்டத்தையே எடுத்துக்கொண்டேன். எந்த பஸ் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரிந்த ஒரே மாவட்டம் அதுதான். வெயிலில் இண்டூர் பக்கம் இறங்கி நடப்பேன். போன வீட்டிலெல்லாம் ஊசி போடுவீங்களா, மாத்திரை குடுப்பீங்களா என்று கேட்பார்கள். இல்லைங்க, சில கேள்வி கேட்டுட்டுப் போயிடுவேன் என்றால், "கேள்விதானுங்களா" என்று சொல்லிவிட்டு மறுபடி கடலைக்காய் உரிக்க உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கே அந்தக் கேள்விகள் அலுத்துப் போயிருந்தன.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டிலேயே ஒருவர் பாயில் விழுந்தார்.

எங்கள் வீடு பொம்மிடி ஸ்டேஷனிலிருந்து நடை தூரம். வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, விவசாயக் குடும்பம். கொஞ்சம் மானாவாரி நிலம், ராகியும் கடலையும் போடுவோம், ஓரத்தில் புளியமரம். அம்மா போய்ச் சேர்ந்து வெகுநாளாகிவிட்டது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி லாரி ஓட்டுகிறான். கிளம்பினால் பம்பாய், நாக்பூர் என்று போய் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. வீட்டில் நிரந்தரமாக இருப்பவர்கள் அப்பாவும் தம்பி மனைவியும்தான். அப்பாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் கோணியது, ஆனாலும் பேச்சு புரிந்தது. எங்கள் வார்டிலேயே கொஞ்ச நாள் வைத்திருந்து, எல்லோரையும் போல அவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நான் போய்ப் பார்த்தபோது பாதியாகக் கரைந்திருந்தார்.

"மாமா தண்ணியே குடிக்க மாட்டன்றாருங்க அண்ணி" என்றாள் தம்பி மனைவி, அடுப்படியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு. "களி வச்சா ரெண்டு வாய்தான். மீதிய நாய்க்குப் போடச் சொல்றாரு. எங்க வூட்டுக்காரரு வண்டியிலருந்து வந்தாத்தான் மாமா ஒழுங்கா சாப்புடறாரு."

அவள் சொல்லி முடிக்கும் முன்னே எனக்கு விளங்கிவிட்டது. தம்பி வீட்டில் இருந்தால் கழுவிவிடுவான். அவன் இல்லையென்றால் கழுவ ஆளில்லை. எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனார் எதிரில் உட்காரக்கூட மாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சொல்லி அனுப்ப வேறு ஆள் இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துப் பேசுவாள். சோற்றுத் தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். அவர் இடுப்புத் துணியை அவள் மாற்றுவதென்பது இருவராலும் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். அதனால் அப்பா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். உள்ளே ஒன்றும் போகாவிட்டால் வெளியே ஒன்றும் வராது.

அவரைப் புரட்டிப் பார்க்க முயன்றேன். நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினார்.

"எட்டப் போ."

"நான் நர்சுப்பா. தெனம் இதத்தான் செய்யறேன்."

"ஊருக்கு நீ நர்சு. எனக்குப் பொண்ணு. பொட்டப்புள்ள அப்பனக் கழுவறதா? நான் இன்னும் சாவல."

கெஞ்சிப் பார்த்தேன், கோபப்பட்டுப் பார்த்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். முதுகுக்குக் கீழே எலும்பு முட்டும் இடத்தில் தோல் சிவந்து கன்றியிருந்ததை வேட்டி விலகியபோது பார்த்துவிட்டேன். படுக்கைப் புண் அப்படித்தான் தொடங்கும். சதை இல்லாத உடம்பில் அது பிளந்தால் என்ன ஆகும் என்று எனக்கு மிக நன்றாகத் தெரியும். அதைத்தானே படித்துக்கொண்டிருந்தேன். அப்பா வெட்கத்தில் பட்டினி கிடந்து செத்துப்போகப் போகிறார், அவர் மகள் முதியோர் பராமரிப்பில் மேல்படிப்பு முடிக்கப் போகிறாள் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்புகூட வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் அப்போது எனக்குப் பயிற்சி போட்டிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை டியூட்டி முடிந்து, துணி மாற்றச் சோம்பேறித்தனப்பட்டு, வெள்ளைப் புடவை வெள்ளை ரவிக்கையோடே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். உள்ளே நுழைந்ததும் அப்பா தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"வாங்க சிஸ்டர்" என்றார்.

நோய் மூளைக்கும் ஏறிவிட்டதா என்று பயந்துபோனேன். பக்கத்தில் உட்கார்ந்து, வகுப்பில் படித்த முறைப்படி கேட்டேன். இன்னிக்கு என்ன கிழமை?

"வெள்ளிங்க. சாயங்காலம் சிலுவைப்பாத இருக்குது."

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?

"மவன் வண்டிக்குப் போயிட்டானுங்க. மருமவ அடுப்பாண்ட இருக்குது. ஒரு பொண்ணு இருக்குதுங்க, மெட்ராஸ்ல பெரிய படிப்பு படிக்குது. அதுவும் உங்கள மாரி நர்சுதாங்க."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"கழுவணுங்க சிஸ்டர்."

வெந்நீர் கேட்டேன். தம்பி மனைவி கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனாள். கதவைச் சாத்தினேன். கழுவி, துடைத்து, முதுகில் எண்ணெய் தேய்த்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்கால்களுக்கு இடையில் பழைய வேட்டியைச் சுருட்டிக் கொடுத்தேன். கை தன் வேலையைச் செய்தது. அப்பா ஒரு வார்த்தையும் தடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. திறந்தால் அப்பா என்று வந்துவிடும்.

பிறகு அடுப்படியில் புடவை மாற்றிக்கொண்டு, கூழ் கரைத்து எடுத்துக்கொண்டு போனேன். அப்பா என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"எப்பம்மா வந்த?"

"இப்பத்தாம்பா."

"ஆஸ்பத்திரிலருந்து ஒரு சிஸ்டர் வந்தாங்க. நல்ல மாதிரி." கோணல் வாயின் ஓரம் லேசாக அசைந்தது. "அந்தச் சொம்புல தண்ணி குடு."

சொம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்தார். மூளைக்கு ஒன்றும் ஏறவில்லை. எங்கள் வீட்டில் அன்றைக்கு மிகத் தெளிவாக இருந்த ஆள் அவர்தான்.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. வீட்டில் தங்கும் நாட்களில் காலையில் வெள்ளைப் புடவை கட்டி சிஸ்டராகப் போவேன். பிறகு கலர் புடவை கட்டி மகளாகப் போவேன். மகளிடம் அவர் உர்ரென்று இருப்பார், களியில் உப்பில்லை என்பார். சிஸ்டரிடம் எல்லாம் சொல்வார். எங்கே வலிக்கிறது, எப்போது மூத்திரம் முட்டுகிறது, ராத்திரி எதை நினைத்துப் பயப்படுகிறார் என்று. என்னைப் பற்றியும் சொல்வார்.

"பிடிவாதக்காரிங்க. வந்த மாப்பிள்ளைய எல்லாம் வேணான்னுட்டா. தம்பிய ஆளாக்கணும்னு சொன்னா. நான் கட்டாயப்படுத்தி இருக்கணும். சம்பளம் வருதேன்னு நானும் சும்மா இருந்துட்டனுங்க."

என் வாழ்நாளில் அவர் என்னிடம் இதைச் சொன்னதில்லை. எனக்கு அந்த சிஸ்டர் மேல் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் நான் இல்லாத நாட்களில், தம்பியும் இல்லாவிட்டால், அப்பா மறுபடி வாயைக் கட்டினார். திரும்பி வரும்போதெல்லாம் அந்தச் சிவப்பு இன்னும் கொஞ்சம் பரவியிருக்கும். அதைக் குறைத்து வைப்பேன், மறுபடி போவேன், மறுபடி வருவேன். ரயிலில் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கித் தூங்கி நெற்றியில் தழும்பே விழுந்துவிட்டது.

மேடத்திடம் இதைச் சொன்னேன். பாடப் புத்தகம் என்ன சொல்லும் என்று எனக்கும் தெரியும். முதியவர் ஆளை மாற்றிச் சொன்னால் ஒவ்வொரு முறையும் பொறுமையாகத் திருத்த வேண்டும். இன்ன கிழமை, இன்ன இடம், நான் இன்னார் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போது அதுதான் புது முறை.

"நீ ஏன் அவரைத் திருத்தலை?" என்றார்.

"அவர் தப்பா ஒண்ணும் சொல்லலை மேடம்."

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு, ஆராய்ச்சியை எழுதிக் கொடுக்காமல் பரீட்சைக்கு உட்கார முடியாது, அடுத்த வருஷம் என்று தள்ளினால் உனக்கு லீவு தர மாட்டார்கள், யோசித்துக்கொள் என்றார். எழுதவும் பரீட்சைக்கும் சேர்த்து மெட்ராஸிலேயே தொடர்ந்து இருந்தாக வேண்டும். அத்தனை நாள் அப்பா தாங்க மாட்டார்.

ரயிலிலேயே முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அடுப்படியில் தம்பி மனைவியிடம் சொன்னேன், இந்தப் படிப்பு இத்தோடு போதும், நான் திரும்பிப் போகப் போவதில்லை என்று. அவள் களியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அதைவிட, இனி எங்கேயும் ஓட வேண்டாம் என்ற அசதிதான் மேலே நின்றது. எங்கள் வீட்டுச் சுவர் ஓடு வரைக்கும் எட்டாது. இந்த அறையில் பேசினால் அந்த அறையில் கேட்கும்.

மறுநாள் காலை வெள்ளைப் புடவையில் போய் அப்பாவைப் புரட்டினேன். வழக்கம்போல முகம் சுவர்ப்பக்கம்.

"சிஸ்டர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க."

"சொல்லுங்க ஐயா."

"நீங்க இனிமே வரவேணாங்க."

கை நின்றுவிட்டது.

"எம் பொண்ணு படிப்ப உடப் போறாளாம். நீங்க இங்க வந்துகினு இருக்கற வரைக்கும் அவ போவ மாட்டா. நீங்க கெளம்புனாத்தான் அவளும் கெளம்புவா. கோச்சிக்காதீங்க."

"அப்புறம் உங்கள யாரு ஐயா பாத்துக்குவாங்க?"

அப்பா நல்ல கையால் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். கதவுக்கு வெளியே வெந்நீரோடு நிற்பவளுக்குக் கேட்கும் அளவுக்கு.

"வேற சிஸ்டர் வரட்டுங்க. வெள்ள கட்டிகினு யாரு வந்தாலும் எனக்கு சிஸ்டருதாங்க. நான் மொகத்தப் பாக்கறதில்ல."

வெளியே தவலை தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

அன்று மதியம் தம்பி மனைவி டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். நாங்கள் வேதக்காரர்கள், எங்கள் பெண்கள் கோயிலில் கல்யாணத்துக்கு நிற்பது வெள்ளைப் புடவையில்தான். அவளுடையது ஓரத்தில் சன்னமாகச் சரிகை போட்டது. அந்துருண்டை வாசனையோடு எடுத்து உதறி மடிமேல் வைத்துக்கொண்டாள்.

"இது ஆவுமாங்க அண்ணி?"

"உனக்கு இஷ்டமில்லாம வேணாம்."

"இஷ்டமா?" என்றாள். "எனக்கு நெனச்சாலே ஒடம்பு கூசுதுங்க. ஆனா அவரு தண்ணி வேணான்னு சொல்றப்ப எல்லாம், நான் குடிக்கிற தண்ணி எறங்க மாட்டன்னுது."

பக்கத்து வீட்டு ஆயா மோர் வாங்க வந்தவள் இதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள். அவர்கள் சாமி வேறு, சம்பிரதாயம் வேறு.

"ஏன்டி, புருசன் ரோட்டுல வண்டி ஓட்றான். நீ வெள்ளச் சீல எடுத்து வச்சிகினு இருக்கற?"

"எங்க கல்யாணச் சீலையே இதாங்க ஆயா" என்றாள் அவள். "இதுல ஒண்ணும் ஆவாதுங்க."

ஆயா மோரை மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வாரம் தம்பி வந்தான். அவனைப் பாயில் படுக்கவைத்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மெட்ராஸில் எங்களுக்குப் பழகிப் பார்க்க ஒரு ரப்பர் பொம்மை இருந்தது. இங்கே நாக்பூரிலிருந்து ஆரஞ்சு லோடு இறக்கிவிட்டு வந்த லாரி டிரைவர். எந்தப் பக்கம் புரட்டுவது, முழங்காலை எப்படி மடக்குவது, துணியை மூடியபடியே எப்படித் துடைப்பது என்று காட்டினேன். இரண்டாம் தரம் புரட்டும்போதே அவன் குறட்டை விட ஆரம்பித்துவிட்டான். அவள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள். எனக்கு இரண்டுக்கும் தெம்பில்லை. நனைந்த துணியைப் பிழிந்து அவள் கையில் கொடுத்தேன்.

அவள் முதல் தடவை போன காலை, நான் கதவுக்கு வெளியே நின்றேன், அவள் எப்போதும் நிற்கிற இடத்தில். தலையிலிருந்த கனகாம்பரத்தை எடுத்து வைத்துவிட்டு, சரிகை ஓரத்தை உள்ளே மடித்துச் செருகிக்கொண்டு போனாள்.

"புது சிஸ்டருங்களா? வாங்க" என்றார் அப்பா.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். அதுவும் வாங்க என்று. தண்ணீரில் துணி நனைக்கும் சத்தம் வந்தது. பிறகு அவள் குரல் கேட்டது, மெல்லியதாக, நடுங்கிக்கொண்டு. மாமா என்று சொல்லவில்லை.

"கொஞ்சம் திரும்பிப் படுங்க ஐயா."

அன்றைக்கே நான் ரயில் ஏறினேன். மெட்ராஸில் உட்கார்ந்து எழுதினேன். இவை எதற்கும் அந்த ஆராய்ச்சியில் இடமிருக்கவில்லை. பராமரிப்பவர் யார், மகனா, மகளா, மருமகளா என்று ஒரு கட்டம் இருந்தது. எங்கள் வீட்டை எந்தக் கட்டத்தில் போடுவதென்று தெரியாமல் விட்டுவிட்டேன். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர், முதியோர் பராமரிப்பில் முக்கியமான உபகரணம் எது என்று கேட்டார். வெள்ளைப் புடவை என்று நாக்கு நுனி வரை வந்தது. புத்தகத்தில் இருந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன்.

எல்லாம் முடிந்து பொம்மிடியில் இறங்கி வீட்டுக்கு நடந்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. வாசல் கொடியில் அந்தக் கல்யாணப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. சரிகை கறுத்துவிட்டது. நடுவில் மஞ்சளாகத் திட்டுத் திட்டாகக் கறை. தம்பி மனைவி வெளியே வந்தாள், இளைத்திருந்தாள்.

"இந்தக் கற போவுமாங்க அண்ணி?"

"போவாது."

"போவாட்டி போவுது. நாளைக்கும் இதத்தான கட்டணும்" என்று சொல்லிவிட்டு என் பையை வாங்கிக்கொண்டாள்.

அப்பா ஒருக்களித்துப் படுத்திருந்தார். கன்னத்தில் கொஞ்சம் சதை ஏறியிருந்தது. முதுகைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. ஆனால் நான் நீலப் புடவையில் இருந்தேன். கேட்கவில்லை. தம்பி மனைவிதான் பின்னால் நின்று, தோல் எங்கேயும் பிளக்கவில்லை என்று காதோடு சொன்னாள்.

"பாஸாயிட்டியாம்மா?" என்றார் அப்பா.

"ஆயிட்டம்பா."

தலையை ஆட்டினார். கொஞ்சம் பொறுத்து, சிஸ்டர் வர ஆரம்பித்ததிலிருந்து முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"தர்மபுரி ஆஸ்பத்திரிலருந்து ஒரு சிஸ்டர் வந்துகினு இருந்தாங்க. உனக்குத் தெரிஞ்சிருக்கும். போவச் சொல்லிட்டன். ஒரு வாய் காப்பி கூடக் குடுத்து அனுப்பல. அது மனசுல கெடக்குது. நீ எங்கனா பாத்தீன்னா சொல்லு. ஒரு கெழவன் மானத்தோட கெடக்கறான், உங்க புண்ணியத்துலன்னு சொல்லு."

வெள்ளைப் புடவையில் நின்ற அத்தனை நாளும் நான் அவர் முன்னால் அழுததில்லை. சிஸ்டர் அழக் கூடாது. அன்றைக்குத்தான் பாயோரம் உட்கார்ந்து, முந்தானையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அப்பா நல்ல கையை என் தலைமேல் வைத்தார்.

"சொல்றம்பா" என்றேன்.